இல்லாத கோள்கள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

பத்தாம் ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று அழைப்பு வந்தபோது, பத்து என்னும் எண்ணுக்காகவே ஓர் உலகத்தைப் படைத்துக்கொண்டவர்கள்தாம் நினைவுக்கு வந்தார்கள். கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிலோலாஸ் என்னும் கிரேக்க அறிஞர் பைத்தாகரஸின் மரபில் வந்தவர். அந்த மரபினருக்குப் பத்துதான் நிறைவான எண். வானில் சுழல்வனவற்றை எண்ணிப் பார்த்தார்கள். விண்மீன்கள் பதிந்த கோளம், கோள்கள் ஐந்து, ஞாயிறு, திங்கள், நம் நிலவுலகம், ஒன்பதுதான் தேறியது. ஆகவே நடுவில் எரியும் தீயொன்றை நாம் எல்லாரும் சுற்றுவதாகவும், நம் கண்ணுக்கு என்றும் படாத 'எதிர்ப்பூமி' ஒன்றும் உடன் சுற்றுவதாகவும் சொல்லிப் பத்தை நிறைத்தார்கள். எண்ணிக்கைக்காக இல்லாததைச் சேர்த்தார்கள் என்று அரிஸ்டாட்டில் பின்னாளில் குறை கூறினார். யாப்பு நிறைவதற்காக ஓர் அசைச்சொல்லைச் செருகிய பழக்கம் நம்மில் யாருக்குத்தான் இல்லை? நாம் சேர்ப்பது ஒரு 'மன்'னோ 'கொல்'லோ. அவர்கள் சேர்த்தது ஓர் உலகம்.

கற்பனையைப் பழிக்க நான் இங்கு வரவில்லை. இல்லாததை உண்டெனச் சொல்வது நம் தொழில். ஆனால் இல்லாத கோள்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, கற்பனைக்கும் நம்பிக்கைக்கும் நடுவே உள்ள வரப்பு எங்கே ஓடுகிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

இவ்வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது வல்கன் என்னும் கோள். அதைக் கணித்தவர் சாதாரணமானவர் அல்லர். யுரேனஸ் தன் பாதையில் தடுமாறுவதைக் கண்டு, அதற்கப்பால் ஒரு கோள் இருந்து அதை இழுக்கிறது என்று தாளிலேயே கணக்கிட்டுச் சொன்னவர் பிரெஞ்சு அறிஞர் லெ வெர்ரியே. 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைகூட விலகாமல் நெப்டியூன் இருந்தது! எழுதுகோலின் முனையில் ஒரு கோளைக் கண்டவர் என்று உலகம் அவரைக் கொண்டாடியது.

அடுத்து அவர் புதனைப் பார்த்தார். புதனின் நீள்வட்டப் பாதை மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. அத்திருப்பத்தில் நூற்றாண்டுக்கு 38 விகலை, கணக்கில் அடங்காமல் மிஞ்சியது. (இன்றைய அளவு 43.) ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை, நூறு ஆண்டுக்கு அதில் 38! இந்தச் சிறு மிச்சத்தைக் கண்டு உறக்கம் இழப்பவர்களால்தான் அறிவு வளர்கிறது. ஒரு முறை வென்ற வழி மறுமுறையும் வெல்லும் அல்லவா? ஞாயிற்றுக்கும் புதனுக்கும் இடையே காணாத பொருள் இருந்து புதனை இழுக்கிறது என்று 1859இல் அறிவித்தார்.

அறிவித்த சில மாதங்களில் ஒரு கடிதம் வந்தது. லெஸ்கார்போ என்ற நாட்டுப்புற மருத்துவர், அந்த ஆண்டு மார்ச் 26 அன்று ஞாயிற்றின் முகத்தைக் கரும்புள்ளியொன்று கடந்ததைக் கண்டதாக எழுதியிருந்தார். லெ வெர்ரியே சொல்லாமல் கொள்ளாமல் அவ்வூருக்குப் போய்க் குறுக்கு விசாரணை செய்தார். மருத்துவரின் கடிகாரத்தில் நொடிமுள் இல்லை. நூலில் கட்டித் தொங்கவிட்ட ஊசலால் நொடிகளை எண்ணியிருந்தார். கணக்குகளை மரப்பலகையில் எழுதி, இடம் போதாதபோது இழைத்துவிட்டு மீண்டும் எழுதுவாராம். அந்த எளிமை லெ வெர்ரியேயை வென்றுவிட்டது. 1860 சனவரியில் பாரிசு அறிவியல் கழகத்தில் புதிய கோள் அறிவிக்கப்பட்டது. மருத்துவர் நாட்டின் உயர்விருதைப் பெற்றார். அதே நேரத்தில் பிரேசிலில் ஞாயிற்றை நோக்கிக்கொண்டிருந்த லியே என்பவர் தாம் எதையும் காணவில்லை என்றார். யார் காதில் விழும்?

1878இன் முழு ஞாயிற்று மறைப்பில், அமெரிக்காவில் வாட்சன், ஸ்விப்ட் என்னும் இருவர் வல்கனைக் கண்டதாகச் சொன்னார்கள். இருவர் சொன்ன இடமும் ஒத்துவரவில்லை. வாட்சன் விஸ்கான்சினில் நிலத்தடியே ஓர் அறை அமைத்து, நீண்ட குழாய் வழியே பகலிலேயே வல்கனைக் காண முயன்றார். வேலை முடியுமுன் 1880இல் மறைந்தார். பின்வந்தவர் அதை முடித்துப் பார்த்தபோது விண்மீன்கூடத் தெரியவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தம் புதிய ஈர்ப்புக் கொள்கையைக் கொண்டு கணக்கிட்டார். எந்தக் கோளின் துணையுமின்றி 43 விகலை வந்து நின்றது. வல்கன் அன்று மறைந்தது. லெ வெர்ரியே அதற்கு நெடுநாள் முன்பே, 1877இல், நம்பிக்கையோடு கண்மூடிவிட்டார். நாள், செப்டம்பர் 23.

வல்கனை நான் எள்ளி நகையாடமாட்டேன். தன்னைத் தேடிப் பார்க்க அது இடம் தந்தது. இன்ன இடத்தில், இன்ன பொழுதில் வருவேன் என்றது, வராதபோது தோற்றது. 2016இல் நெப்டியூனுக்கு அப்பால் ஒரு பெரிய கோள் இருக்கலாம் என்று பாட்டிகின், பிரவுன் இருவரும் சொன்னதும் இவ்வகையே. இன்னும் யாரும் அதைக் காணவில்லை, தேடுகிறார்கள்.

தோற்க மறுக்கும் கோள்கள் வேறு இனம். 1898இல் ஆம்பர்க் நகரின் வால்டெமாத், பூமிக்கு இரண்டாம் நிலவு உண்டென்றும், 119 நாளில் சுற்றுகிறதென்றும், பிப்ரவரியில் ஞாயிற்றைக் கடக்குமென்றும் நாள் குறித்தார். வானியலார் பார்த்தார்கள், ஏதும் உறுதிப்படவில்லை. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். 1918இல் செபாரியல் என்ற புனைபெயருடைய ஆங்கிலச் சோதிடர் அதை எடுத்து, லிலித் என்று பெயரிட்டார். ஏன் தெரியவில்லை என்று கேட்டவர்களுக்கு, அது அத்தனை கருமையானது என்றார். பாருங்கள், காணாமையே சான்றாகிவிட்டது! அன்றுமுதல் அந்த நிலவை யாராலும் கொல்ல முடியவில்லை. சாதகக் கட்டங்களில் இன்றும் உலவுகிறது.

நம் வீட்டிலும் உண்டு. ராகுவையும் கேதுவையும் நம் முன்னோர் 'நிழற்கோள்' என்றார்கள். எவ்வளவு நேர்மையான சொல்! நிலவின் பாதை ஞாயிற்றின் தோற்றப் பாதைக்கு ஐந்து பாகையளவு சாய்ந்தது. இரண்டும் வெட்டும் புள்ளிகள் இரண்டு, 18.6 ஆண்டில் பின்னோக்கி ஒரு சுற்று வருவன. மறைப்புகள் அப்புள்ளிகளுக்கு அருகில்தான் நிகழும். பாம்பு விழுங்கவில்லை, நிழலே மறைக்கிறது என்று ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே எழுதினார். புள்ளிக்குப் பெயரிட்டது கணிதம், பாம்பாக்கியது கவிதை. இரண்டிலும் எனக்குக் குறையில்லை. ஏழாமிடத்தில் அந்தப் புள்ளி இருக்கிறதென்று முப்பத்தைந்து வயதுவரை ஒரு பெண்ணின் சாதகம் வீடு வீடாகப் போய்த் திரும்புகிறதே, அதுதான் எனக்கு வலிக்கிறது. நாள்காட்டியிலுள்ள ராகு காலத்துக்கோ அந்தப் புள்ளியோடும் உறவில்லை. அது கிழமையை மட்டும் கேட்கிறது, வானத்தைக் கேட்பதில்லை.

நிபிரு என்ற கோள் மோதி உலகம் அழியும் என்று முதலில் 2003க்கும், பிறகு 2012 டிசம்பர் 21க்கும் நாள் வைத்தார்கள். அழிவுக்கு முன் தம் உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று கேட்ட இளையோரின் கடிதங்கள் தமக்கு வந்ததாக, நாசாவின் டேவிட் மோரிசன் பதிவு செய்திருக்கிறார்.

நாம் எழுதும் நிலவுக்காக யாரும் திருமணத்தைத் தள்ளிவைப்பதில்லை, பயந்து சாவதுமில்லை. வாசகன் நம் பொய்யைப் பொய்யென்று தெரிந்தே தழுவிக்கொள்கிறான். அந்த உடன்படிக்கையை மறைத்து, உவமையை உண்மையென்று விற்கும் கவிஞரும் நம்மிடையே இல்லாமல் இல்லை. பெயர் சொல்ல இது நேரமன்று.

லெஸ்கார்போவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லி அமர்கிறேன். வல்கனைக் கண்ட அந்த மருத்துவர் முதுமையிலும் வானத்தைப் பார்ப்பதை விடவில்லை. 1891இல், சிம்ம மண்டலத்தில் ஒளிமிக்க புதிய விண்மீனொன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பாரிசுக்கு எழுதினார். ஆராய்ந்து பார்த்தார்கள். அது சனி.