எலோத்தே: மெக்சிகோவின் தெருச்சோளம்

மெக்சிகோ நாட்டின் தெருமுனைகளிலும் சதுக்கங்களிலும் தேவாலய வாசல்களிலும் மாலை வேளையில் தள்ளுவண்டிகளில் விற்கப்படும் மக்காச்சோளக் கதிர் அந்நாட்டில் எலோத்தே எனப்படுகிறது. ஸ்பானியர் வருவதற்கு முன்பே நடு மெக்சிகோவில் வழங்கி, இன்றும் பல லட்சம் மக்களின் தாய்மொழியாக இருக்கும் நாவாத்தல் மொழியிலிருந்து பிறந்த இப்பெயர், முற்றி உலர்ந்த சோளத்தைக் குறிக்காமல், மணிகளில் பால் பிடித்த பச்சைக் கதிரையே குறிக்கும். வேகவைத்தோ தணலில் சுட்டோ எடுத்த கதிரின் அடியில் ஒரு குச்சியைச் செருகி, மயோனைஸையும் புளிப்பேறிய பாலேட்டையும் சுற்றிலும் பூசி, உதிர்த்த பாலாடைக்கட்டியில் புரட்டி, மிளகாய்த்தூள் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து வாடிக்கையாளரின் கையில் கொடுப்பது எலொத்தேரோ எனப்படும் சோள விற்பனையாளரின் வழக்கம். பொருள்கள் சிலவே என்றாலும் ஒவ்வொன்றுக்கும் இதில் ஒரு பணி உண்டு. அப்பணி இன்னதென்று உணர்ந்தவர்கள் மெக்சிகோவின் பாலாடைக்கட்டியோ மிளகாயோ கிடைக்காத ஊரிலும் இவ்வுணவை அதன் இயல்பு கெடாமல் சமைத்துவிட முடியும்.

மக்காச்சோளம் பிறந்த நிலமே மெக்சிகோதான். அந்நாட்டின் தென்மேற்கில் ஓடும் பல்சாஸ் ஆற்றின் வடிநிலத்தில், தெயோசின்தே என்னும் காட்டுப்புல்லிலிருந்து ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பு உழவர்கள் இப்பயிரை உருவாக்கினர் என்பது தாவரவியலாரும் தொல்லியலாரும் சேர்ந்து நிறுவிய முடிவு. அப்புல்லின் கதிரில் ஐந்து முதல் பன்னிரண்டு மணிகளே இருக்கும் என்பதையும், அவை ஒவ்வொன்றும் பல்லுக்கு அடங்காத ஓட்டுக்குள் பொதிந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தால், நூற்றுக்கணக்கான மென்மணிகள் வரிசையாக அமர்ந்த இன்றைய கதிரை உருவாக்கிய அந்தப் பெயரறியா உழவர்களின் பொறுமை வியப்பூட்டுகிறது. உலர்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்கி அரைக்கும் முறை மெக்சிகோவின் அன்றாட ரொட்டியான தொர்த்தியாவுக்கு அடிப்படை. இளங்கதிருக்கோ அந்த முன்னேற்பாடு எதுவும் வேண்டியதில்லை. மழையை நம்பி விதைக்கும் வயல்களில் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பச்சைக் கதிர் மிகுதியாகக் கிடைக்கும். பாசனத்தின் துணையால் இப்போது அது ஆண்டு முழுவதும் சந்தைக்கு வருகிறது.

இவ்வுணவின் சுவையில் பெரும்பங்கு கதிரைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிவாகிவிடுகிறது. நடு மெக்சிகோவில், குறிப்பாகத் தொலூக்கா பள்ளத்தாக்கில் விளையும் ககவசிந்த்லே என்னும் வகையின் மணிகள் வெண்மையாகவும் அகலமாகவும் மாவுத்தன்மை மிகுந்தும் இருக்கும். இனிப்பு குறைந்து, மென்று தின்பதற்கு இதமான தடிமன் கொண்ட அந்த மணிகள்தாம் உப்பையும் புளிப்பையும் காரத்தையும் தாங்கி நிற்பதற்கு ஏற்றவை. வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கும் இனிப்புச்சோளம் வேறு தன்மையது. சர்க்கரை மாவுச்சத்தாக மாறுவதைத் தடுக்கும் மரபணு மாற்றம் இயற்கையிலேயே நேர்ந்த வகைகளைத் தேர்ந்து பெருக்கியதால் அதற்கு அந்த இனிப்பு வாய்த்தது. பழைய வகை இனிப்புச்சோளத்தில் கதிரைப் பறித்த பின்னும் சர்க்கரை குறைந்துகொண்டே போகும். 30 பாகை வெப்பத்தில் ஒரே நாளில் பாதிக்கு மேல் குறைந்துவிடுவதும் உண்டு. ஆகவே, கதிரை உறையோடு வாங்கி, அன்றே சமைப்பது நல்லது. இனிப்புச்சோளத்தைப் பயன்படுத்துவோர் உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் சற்றுக் கூட்டாவிட்டால் முடிவில் கிடைப்பது தின்பண்டமாக இருக்குமே தவிர எலோத்தேயாக இராது.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் கோழித்தீவனத்துக்காக விளைவிக்கப்படும் மக்காச்சோளம், முற்றுவதற்கு முன் பால் பருவத்தில் பறிக்கப்படுமானால், இனிப்புச்சோளத்தைவிட மெக்சிகோவின் கதிருக்கு நெருக்கமாக அமையும் என்பது இங்கே குறிப்பிடத் தக்கது. நகத்தால் மணியைக் கீறினால் வெண்ணிறப் பால் கசிய வேண்டும். தெளிந்த நீர் கசிந்தால் கதிர் இன்னும் பிஞ்சு, எதுவும் கசியாமல் மாவாக இருந்தால் பருவம் கடந்தது. கதிரின் நுனியில் தொங்கும் நார் பழுப்பேறி உலரத் தொடங்கியிருப்பதும், உறை பச்சை மாறாமல் இருப்பதும் சரியான பருவத்தின் அடையாளங்கள்.

சமைப்பதில் இருவகை மரபுகள் உண்டு. பெரிய பாத்திரத்தில் வேகவைப்பது ஒன்று; கரித்தணலின் மேல் கம்பிவலையில் சுடுவது மற்றொன்று. வேகவைக்கும் நீரில் சிலர் தெகெஸ்கித்தே சேர்ப்பார்கள். ஏரிப்படுகைகளில் நீர் வற்றியபின் படியும் இவ்வுவர் உப்பு, நீரைக் காரத்தன்மை உடையதாக்கி மணியின் மேல்தோலை இளக்குகிறது. வீட்டில் அதற்கு ஈடாக ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போதும். கூடினால் மணியில் வழவழப்பும் கசப்பும் ஏறிவிடும். இனிப்புச்சோளம் ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் வெந்துவிடும், மாவுச்சோளத்துக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். சுடுவதாயின், உறையையும் நாரையும் நீக்கிய கதிரைத் தணலின் மேல் திருப்பித் திருப்பிப் பத்து, பன்னிரண்டு நிமிடம் வைத்து, ஆங்காங்கே கரும்புள்ளி விழும்வரை வாட்ட வேண்டும். சர்க்கரையும் புரதமும் வெப்பத்தில் இணைந்து பழுப்பேறும் வேதிவினையால்தான் அந்த வாட்டலின் மணமும் மெல்லிய கசப்பும் உண்டாகின்றன. கரியடுப்பு இல்லாத வீடுகளில் நன்கு காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் கதிரை உருட்டி வாட்டலாம். மாவுத்தன்மை மிகுந்த நாட்டுக் கதிரை முதலில் வேகவைத்து, ஈரம் போகத் துடைத்து, பிறகு வாட்டுவதே சிறந்த வழி; சுடுவதை மட்டும் நம்பினால் வெளிப்புறம் கருகும், உள்ளே வேகாது.

இனி, பூச்சு. எண்ணெயை முட்டையின் மஞ்சள் கருவுடனும் சிறிது புளிப்புடனும் அடித்துக் குழம்பாக்கிய மயோனைஸ், ஐரோப்பியச் சமையலிலிருந்து வந்து மெக்சிகோவின் தெருக்களில் வேரூன்றிய ஒன்று. கிரெமா என்பது அந்நாட்டின் புளிப்பேறிய பாலேடு. சில வண்டிகளில் இவை இரண்டும் இருக்கும், சிலவற்றில் வெண்ணெய் மட்டுமே இருக்கும். வடிவத்தில் வேறுபட்டாலும் இம்மூன்றும் செய்யும் பணி ஒன்றே: மணிகளின் மேல் கொழுப்பாகப் படிந்து, உலர்ந்த பாலாடைக்கட்டியும் மிளகாய்த்தூளும் உதிராமல் ஒட்டச் செய்வது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகையால் இப்பூச்சு காரத்தை நாவில் பரப்பி, அதன் கூர்மையையும் தணிக்கிறது. நான்கு கதிருக்கு மூன்று மேசைக்கரண்டி மயோனைஸும் அதே அளவு பாலேடும் போதும். முட்டை உண்ணாதவர்கள், துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிரைப் பாலேட்டுடன் கலந்து பூசினால் பிடிப்பும் புளிப்பும் குறைவின்றி அமையும்.

பாலாடைக்கட்டியில்தான் வீட்டுச் சமையல் பெரும்பாலும் வழுக்குகிறது. எலோத்தேக்குரிய கோத்திஹா என்னும் பாலாடைக்கட்டி மிச்சோவக்கான் மாநிலத்தின் கோத்திஹா ஊரின் பெயரைத் தாங்கியது. மிச்சோவக்கானும் ஹலிஸ்கோவும் சந்திக்கும் மலைப்பகுதியில், மழைக்காலத்துப் பசும்புல்லை மேய்ந்த மாடுகளின் பாலைக் காய்ச்சாமலே உறையச் செய்து, உப்புப் பிசைந்து, ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள பெரு வட்டுகளாக்கி, குறைந்தது மூன்று மாதம் முதிரவிட்டு அதைச் செய்கிறார்கள். முதிர்ந்த கட்டி உப்பும் வறட்சியும் மிகுந்து, விரலால் தேய்த்தால் மணல்போல் உதிரும், சூட்டில் உருகாது. உருகாமல் உதிர்ந்து நிற்பதும், வேறு உப்பு வேண்டாத அளவுக்கு உப்பேறியிருப்பதுமே அதன் தகுதிகள் என்பதால், உருகி இழைவிடும் பிட்சாப் பாலாடைக்கட்டி எவ்வகையிலும் அதற்கு மாற்றாகாது. முதிர்ந்த பார்மேசனோ உப்புநீரில் ஊறிய ஃபெட்டாவோ பொருந்தும். பனீரும் சூட்டில் உருகாத ஒன்றுதான். ஆயினும் அதில் உப்பில்லை, ஈரமும் மிகுதி. அதை உதிர்த்து, தாராளமாக உப்புக் கலந்து, காற்றாட உலரவைத்துப் பயன்படுத்தலாம். நான்கு கதிருக்கு 75 கிராம் போதுமானது.

மிளகாயும் எலுமிச்சையும் எதிரெதிர்த் திசையில் கடல் கடந்தவை. மெக்சிகோவில் பயிராக்கப்பட்ட மிளகாய், போர்த்துக்கீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து தமிழ்ச் சமையலில் மிளகின் இடத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டது. ஆசியாவில் தோன்றிய எலுமிச்சையோ அரபு நாடுகளையும் ஸ்பெயினையும் கடந்து அமெரிக்கக் கண்டத்தை அடைந்தது. மெக்சிகோவின் கொலீமா மாநிலத்துத் தோப்புகளில் காய்க்கும் சிறிய, மெல்லிய தோலுடைய பழமும் தமிழ்நாட்டு எலுமிச்சையும் ஒரே இனம். சென்னைக் கடற்கரையில் சுட்ட சோளத்தின் மேல் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட எலுமிச்சை மூடியைத் தேய்த்துத் தருவதைப் போலவே, மெக்சிகோவிலும் சுட்ட கதிரை மயோனைஸ் எதுவுமின்றி இம்மூன்றோடு மட்டும் உண்ணும் எளிய வழக்கம் இருக்கிறது. கதிர் மிக நல்லதாக இருந்தால் அவ்வெளிய வடிவமே மேலானது. மிளகாய்த்தூளைப் பொறுத்தவரை, அங்கே சிலே பிகீன் என்னும் சின்னஞ்சிறு காரமிளகாயைப் பொடித்துத் தூவுவர். இங்கே மல்லியும் பிற சரக்குகளும் சேராத தனி மிளகாய்த்தூள் வேண்டும், அதுவும் சிவப்பு மிகுந்து காரம் மிதமானதாக இருப்பது நலம்.

வரிசையைக் காப்பது முக்கியம். கதிர் சூடாக இருக்கும்போதே, ஆனால் மேற்பரப்பில் நீர் நில்லாதபோது, முதலில் கொழுப்பைப் பூசி, தட்டில் பரப்பிய பாலாடைக்கட்டியில் உருட்டி, அதன்மேல் மிளகாய்த்தூளைத் தூவ வேண்டும். எலுமிச்சையை உண்ணும் கணத்தில்தான் பிழிய வேண்டும். முன்னதாகப் பிழிந்தால் சாறு பூச்சை நீர்க்கச் செய்து, பாலாடைக்கட்டியோடு சேர்த்து வழியவிட்டுவிடும்.

குச்சியில் பிடித்துக் கடிக்க இயலாத முதியோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் எஸ்கித்தெஸ் என்னும் இன்னொரு வடிவம் உண்டு. இதற்கு மணிகளைக் கத்தியால் சீவியெடுத்து, வெண்ணெயில் நறுக்கிய வெங்காயத்துடனும் பச்சை மிளகாயுடனும் வதக்கி, எபசோத்தே என்னும் கடுமணமுள்ள மூலிகையைப் போட்டு, மணிகள் மூழ்கும் அளவு நீரூற்றி வேகவைக்கிறார்கள். எபசோத்தே கிடைக்காத இடத்தில் அதன் மணத்தை வேறெதுவும் தராது. கொத்தமல்லித்தழை சேர்ப்பது வேறொரு நல்ல சுவையை உண்டாக்குமே அன்றி அதற்கு ஈடாவதில்லை. மணிகளைச் சீவியபின் எஞ்சும் தக்கையையும் அதே நீரில் போட்டுக் கொதிக்கவிட்டால், அதில் ஒட்டிய பாலும் சாற்றில் இறங்கி அதைக் கெட்டியாக்கும். பரிமாறும்போது தக்கையை நீக்கிவிட்டு, மணிகளைக் குவளையில் நிரப்பி, அந்தச் சாற்றிலும் இரண்டு கரண்டி ஊற்றி, அதன்மேல் மயோனைஸும் பாலாடைக்கட்டியும் மிளகாய்த்தூளும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, ஆறுவதற்குள் கரண்டியோடு கொடுக்க வேண்டும்.