கேனுக்கும் குழாய்க்கும் நடுவே

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மயிலாப்பூர் குழு ஒன்றின் ஊக்குநர் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு "நாங்கள் முன்னேறிய கதை". மன்னிச்சுக்கோங்க, நான் அதைப் பேசப் போறதில்லை. எங்க குழு எப்படி அசிங்கப்பட்டுச்சுன்னு சொல்லப் போறேன். இங்கே இருக்கிறதுல பாதிப் பேர் தண்ணி கேன் வியாபாரமோ, சமையல் ஆர்டரோ, மோர் கடையோ பண்றீங்க. முன்னேறின கதையைவிட இதுதான் உங்களுக்கு உதவும்.

2019-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். பூண்டி, செம்பரம்பாக்கம், புழல், சோழவரம் நாலும் வறண்டு போச்சு. லாரி எப்போ வரும்னு ராத்திரி முழுக்கக் குடத்தோடு உட்கார்ந்திருந்தோம். அதே வருஷம் ஜனவரி 1-ஆம் தேதிதான் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நம்ம மாநிலத்துல தடை வந்தது. தண்ணி பாக்கெட்டும் அதுல போச்சு. அறுபத்துமூவர் அன்னிக்கு மாட வீதி நாலும் மிதிபட்டுக் கிடக்குமே, அந்தப் பாக்கெட். அது போனதும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் தண்ணி கொடுக்க என்ன வழின்னு எல்லாரும் தேடினாங்க. அங்கேதான் எங்க குழுவுக்கு யோசனை வந்தது. வங்கிக் கடன்ல மூணு டிஸ்பென்சர் வாங்கினோம். கேனும் நாமே போடுறது, மெஷினும் வாடகைக்கு, எவர்சில்வர் டம்ளரும் நம்மளே கழுவிக் கொடுக்கிறது. நல்லாத்தான் போச்சு.

அப்புறம் ஒரு கல்யாணம். எந்த மண்டபம்னு சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பெண் வீட்டார் போன் பண்ணாங்க. அஞ்சாறு பேருக்கு வயிற்றுப்போக்கு, ஒரு சின்னப் பிள்ளைக்கு டிரிப்ஸ் ஏத்தியிருக்காங்க. சமையல்காரர் "என் சாப்பாட்டுல ஒண்ணும் இல்லை, தண்ணியைப் பாருங்க"ன்னுட்டார். கேன் போட்டவர் "என் கேன் சீல் வெச்சது, உங்க மெஷினைப் பாருங்க"ன்னுட்டார். எங்க குழுவுல கேட்டா, "நான் தூக்கலை, அவதான் தூக்கினா." வாராந்திரக் கூட்டம் அன்னிக்கு சேமிப்பு கட்டவே ரெண்டு பேர் வரலை. வாடகைப் பணம் நின்னு போச்சு. கடன் தவணை நிக்கலை.

அந்தக் குடும்பத்துக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, சுகாதாரத் துறையில வேலை பார்த்து ஓய்வு பெற்றவங்க, ரெண்டு சின்ன பாட்டில் கொண்டுவந்தாங்க. உள்ளே மருந்து தடவியிருக்கும். அதுல தண்ணியை ஊத்தி மூடி 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரைக்கும் வெச்சுப் பார்த்தா, மலக்கிருமி கலந்த தண்ணியா இருந்தா கறுத்துப் போகும். ஒரு பாட்டில்ல அதே கம்பெனியோட திறக்காத கேன் தண்ணி. இன்னொண்ணுல எங்க மெஷின் குழாயைத் திறந்து பிடிச்ச தண்ணி. மறுநாள் காலையில போய்ப் பார்த்தேன். கேன் தண்ணி அப்படியே இருந்தது. மெஷின் தண்ணி மை மாதிரி கறுப்பு.

அந்தப் பிள்ளைக்கு வந்தது எங்க தண்ணியாலதானான்னு இன்னிக்கும் அடிச்சுச் சொல்ல முடியாது. கல்யாணத்துல ஆயிரம் இருக்கு. ஆனா அந்தக் கறுப்பைப் பார்த்த பிறகு நான் வாதாடலை.

தப்பு எங்கே நடந்ததுன்னு அந்த அம்மா மெஷினைக் கழட்டியே காட்டினாங்க. நீங்களும் கவனிச்சுக் கேளுங்க.

நம்ம 20 லிட்டர் கேனுக்கு ரெண்டு வகை மூடி வருது. ஒண்ணு சாதா மூடி, முழுசாக் கழட்டணும். இன்னொண்ணுல மூடி நடுவுல சின்ன வட்டமா ஒரு அடைப்பு இருக்கும், அது மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இந்த ரெண்டாவது மூடிக்குன்னே மெஷின் மேல ஒரு முள்ளு மாதிரி குழல் வெச்சிருக்காங்க. ஸ்டிக்கரை மட்டும் உரிச்சு, மூடியோடயே கேனைக் கவிழ்த்தா, அந்தக் குழல் நடு அடைப்பைத் தள்ளிக்கிட்டு உள்ளே போகும். தண்ணி குழல் வழியா மட்டும் இறங்கும். கை படாது, கேனோட வெளிப்பக்கம் தண்ணியில நனையாது, ஒரு சொட்டு சிந்தாது. கேனை எடுக்கும்போது அடைப்பு திரும்ப மூடிக்கும்.

நாங்க என்ன பண்ணோம்? ரெண்டு இடத்துல கேன் வாங்கினோம். ஒருத்தர்கிட்ட சாதா மூடி, அது அந்தக் குழல்ல உட்காரலை. அதனால குழலையே பிடுங்கி ஓரமா வெச்சுட்டோம். பிடுங்கினது நான்தான். அதுக்கப்புறம் எல்லாக் கேனும் வாய் திறந்தபடி நேரா மெஷின் பள்ளத்துல இறங்குச்சு. கேனோட கழுத்து முழுக்கத் தண்ணியில முங்கி நிக்கும். அந்தக் கழுத்தை யார் யார் தொட்டிருப்பாங்க, யோசிங்க. லாரியில ஏத்தினவர், சைக்கிள்ல கொண்டுவந்த தம்பி, தரையில உருட்டினவங்க. கடைசியா நாம. 20 லிட்டர் தண்ணின்னா 20 கிலோ, கேனோட சேர்த்து இன்னும் கொஞ்சம். ஒருத்தியால தூக்க முடியுமா? ஒருத்தி அடியைப் பிடிப்பா, இன்னொருத்தி கழுத்தைப் பிடிப்பா. நகத்தால ஸ்டிக்கர் வரலைன்னா பல்லால கடிச்சு இழுத்ததையும் நான் பார்த்திருக்கேன், சிரிக்காதீங்க. 200 மில்லி டம்ளர்னா ஒரு கேன்ல 100 டம்ளர். கழுத்துல பட்ட ஒரு கை 100 பேர் வாய்க்குப் போகுது.

அவங்க இன்னொண்ணு சொன்னாங்க, எனக்கு அதுவரைக்கும் தோணாதது. மெட்ரோ வாட்டர் தண்ணியில குளோரின் வாடை அடிக்குதுன்னு முகம் சுளிக்கிறோம். அந்த வாடைதான் வழியில அழுக்கு சேர்ந்தா காவல் காக்குது. கேன் தண்ணி ஆர்.ஓ.வுல வடிகட்டினது, அதுல குளோரின் இருக்காது. சுத்தமான தண்ணி, ஆனா காவல் இல்லாத தண்ணி. அதுல கொஞ்சம் கிருமி விழுந்தாலும் தடுக்க ஆள் கிடையாது. தண்ணி சில்லுன்னு இருந்தா கிருமி செத்துடும்னு நினைச்சிருந்தேன். குளிர்ல சாகாது, சும்மா படுத்திருக்கும். மெஷின் உள்ளே விரலை விட்டுத் தடவச் சொன்னாங்க. பாசி பிடிச்ச படிக்கட்டு மாதிரி வழவழன்னு இருந்தது. வாங்கி எட்டு மாசம், ஒருநாள்கூட உள்ளே கழுவினதில்லை. வெளியே மட்டும் கண்ணாடி மாதிரித் துடைச்சு வெச்சிருந்தோம்.

கேன்ல "குடுகுடு"ன்னு குமிழி வருதே, அது என்னன்னு கேட்டாங்க. தண்ணி வருதுன்னு சொன்னேன். "தண்ணி இறங்குது, காற்று ஏறுது"ன்னாங்க. 20 லிட்டர் தண்ணி போனா அந்த இடத்துக்கு 20 லிட்டர் காற்று உள்ளே போகணும். மெஷினைச் சுத்தி இருக்கிற காற்றுதான் போகும். நாங்க மெஷினை வெச்சிருந்தது எச்சில் இலை கூடைக்குப் பக்கத்துல. இடம் வசதியா இருந்ததே!

இப்போ நாங்க பண்றதைச் சொல்றேன். நடு அடைப்பு மூடி இருக்கிற கேன் மட்டும்தான் வாங்குறோம். சாதா மூடி வந்தா திருப்பி அனுப்பிடுவோம். கேன் மேல உணவுப் பாதுகாப்பு உரிம எண், 14 இலக்கம், இருக்கான்னு பார்ப்போம். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்ங்கிறதை 2024 அக்டோபர்ல எடுத்துட்டாங்க, உரிமம் கட்டாயம்தான். கவிழ்க்கிறதுக்கு முன்னாடி கையை சோப்பு போட்டுக் கழுவுவோம். கேனோட மூடியையும் கழுத்தையும் சுத்தமான துணியால துடைச்சு, அப்புறம்தான் ஸ்டிக்கரை உரிப்போம். தரை துடைக்கிற துணி வேற, இது வேற. இதுக்கு மஞ்சள் துணின்னு தீர்மானமே போட்டு மினிட் புக்ல எழுதியிருக்கோம். கவிழ்க்கும்போது ரெண்டு பேரும் கேனோட உடம்பைத்தான் பிடிக்கணும். ஒரு ஸ்டூல் போட்டு முதல்ல கேனை அதுல ஏத்தி, அங்கிருந்து மெஷினுக்கு. இடுப்பும் தப்பிச்சது.

சில குழுக்கள் கேனைத் தரையிலேயே வெச்சு பம்பு மாட்டுறீங்க. தூக்குற கஷ்டம் இல்லை, நல்லதுதான். ஆனா கேன் மாத்தும்போது அந்த நீளக் குழாயை எங்கே வைக்கிறீங்க? பழைய கேன் மேல, இல்லை தரையில. அப்புறம் அதே குழாய் புதுக் கேன் தண்ணிக்குள்ளே அடிவரைக்கும் இறங்குது. குழாயை வைக்கக் கழுவின தட்டு ஒண்ணு தனியா இருக்கட்டும்.

மெஷினைக் கழுவுறது மாசம் ஒரு தடவை. திருவிழா, கல்யாணம்னா அதுக்கு முந்தின நாளும். முதல்ல பிளக்கைப் பிடுங்கிடணும், சூடு தண்ணி ஆறணும். பிறகு உள்ளே இருக்கிறதை எல்லாம் வடிச்சு, 10 லிட்டர் தண்ணிக்கு 5 சதவீத ஹைப்போ கரைசல் 10 மில்லி கலந்து ஊத்தி, ரெண்டு குழாயையும் திறந்து கொஞ்சம் வரவிட்டு மூடிடுவோம். 10 நிமிஷம், கால் மணி நேரம் நிக்கட்டும். அப்புறம் குளோரின் வாடை போற வரைக்கும் நல்ல தண்ணி விட்டு அலசணும். முள்ளுக் குழலையும் குழாய் வாயையும் தனியாக் கழட்டி பிரஷ் போடணும். சூடு தண்ணி பக்கம் உப்பு படிஞ்சிருந்தா எலுமிச்சை உப்பு போடலாம், ஆனா அது வேற நாள். ஹைப்போவும் புளிப்பும் ஒண்ணா சேரவே கூடாது, விஷ வாயு வரும், மூச்சடைக்கும்.

மோர் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணி மெஷின்ல மோரையோ ரோஸ்மில்க்கையோ ஊத்தாதீங்க. உள்ளே போன பாலைக் கழுவி எடுக்கவே முடியாது. குழாய் வெச்ச எவர்சில்வர் டிரம்தான் சரி, குழாய் திருகு கழட்டக் கூடியதா இருக்கணும், தினமும் கழட்டணும். ஐஸ் கட்டி மீன் பெட்டிக்குப் போறதா, குடிக்கிறதுக்குன்னு செஞ்சதான்னு கேட்டு வாங்குங்க.

நம்ம பாட்டிமார் பானையில டம்ளரை முக்கித்தான் தண்ணி மொண்டாங்க. ஆனா டம்ளரை வாயில வைக்காம அண்ணாந்து குடிக்கவும் அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. அமெரிக்காவுல ரயில்ல எல்லாருக்கும் ஒரே குவளை கட்டி வெச்சிருந்தாங்களாம். 1909-ல கான்சஸ் மாகாணம்தான் முதல்ல அதைத் தடை பண்ணுச்சு. அண்ணாந்து குடிக்கத் தெரியாத ஊர், பாவம்.

நாங்க பெண் வீட்டாருக்கு வாடகையைத் திருப்பிக் கொடுத்தோம். ஆஸ்பத்திரிச் செலவுல பாதியையும் உள்கடன் எடுத்துக் கொடுத்தோம். ஏன் கொடுக்கணும்னு குழுவுல பெரிய சண்டை. "தப்பு நம்மது இல்லைன்னு ஆகிட்டா?"ன்னு கேட்டாங்க. எங்க மூத்த அக்கா ஒருத்தங்க, 2013-ல சாந்தோம்ல முதல் அம்மா உணவகம் திறந்தாங்களே, அதுக்கப்புறம் இன்னொரு உணவகத்துல இட்லி ஊத்தினவங்க. அவங்க சொன்னாங்க: "யாருன்னே தெரியாதவங்க நம்ம கையைப் பார்த்து சாப்பிடுறாங்கடி. அந்தப் பாட்டில் கறுத்துச்சா இல்லையா?" அதுக்கு மேல யாரும் பேசலை. கடன் அடைய 14 மாசம் ஆச்சு.

போன பங்குனியில அறுபத்துமூவர் அன்னிக்கு தெற்கு மாட வீதிப் பக்கம் ஒரு பந்தலுக்கு எங்களைக் கூப்பிட்டாங்க. முந்தின நாளே ரெண்டு மெஷினையும் கழுவி, குழாய்த் தண்ணியை அதே மாதிரி பாட்டில்ல பிடிச்சு வெச்சோம். திருவிழா முடிஞ்ச மறுநாள் போய்ப் பார்த்தப்போ என் கை நடுங்கிச்சு. தண்ணி நிறம் மாறலை. அந்தப் பாட்டிலை இன்னும் அலமாரியில வெச்சிருக்கேன். பெண் வீட்டு அம்மா அந்தப் பந்தல் பக்கம் வந்தாங்க. என்னைப் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லலை. பேரப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் பிடிச்சுக் கொடுத்துட்டுப் போனாங்க.

மெஷின் ஒண்ணை வெளியே வராந்தாவுல வெச்சிருக்கேன். கேனும் ரெண்டு வகை மூடியோடயும் இருக்கு. சாப்பாட்டுக்கு முன்னாடி வாங்க, கழட்டி மாட்டிக் காட்டுறேன். குழாயடியில சோப்பு இருக்கு, கையைக் கழுவிட்டு வாங்க.