தேற்றம்
(தாம்பரத்தில் தனித்தமிழ் அன்பர்கள்முன் ஆற்றிய உரை)



நிறுவிக் காட்டத்தக்க உறுதிப்பாட்டைக் குறிக்கத் தமிழில் சொல்லில்லை. ‘நிச்சயம்’, ‘நிரூபணம்’ என வடமொழியிடம் கையேந்தவேண்டும் என்பார் இன்றும் உளர். பள்ளிச் சிறுவனைக் கேட்டாலே விடை கிடைக்கும். பித்தாகரசின் ‘தேற்றம்’ அவன் நாவில் வழங்குகின்றது.

‘தேறு’ என்பது அதன் அடி. கலங்கல் நீர்க்குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து வைத்தால், மண் அடியிற் படியும், நீர் தெளியும். கலக்கம் முந்தியது, தெளிவு பிந்தியது. வள்ளுவரும் ‘தெரிந்து தெளித’லில் ஆராய்ந்த பின்னரே தேறச் சொன்னார். (அது அரசன் ஆளைத் தெளிவது பற்றியது, ஆயினும் முறை ஒன்றே.) செருமானிய மெய்ப்பொருளறிஞர் இம்மானுவேல் காண்டு, 1781-இல், ‘இருக்கலாம்’, ‘இருக்கிறது’, ‘இருந்தே தீரும்’ எனத் தீர்ப்புகளை மூவகையாகப் பிரித்தார். மூன்றாவதே தேற்றம்.

தொல்காப்பியர் ஏகாரத்தின் ஐம்பொருளுள் தேற்றத்தை முதலில் வைத்தார். ஆனால், ஏகாரம் சேர்த்த அளவில் எதுவும் நிறுவப்பட்டதாகாது. ‘தமிழே முதன்மொழி’ என்பதிலும் ஏகாரம் உண்டு. சான்றை ஏகாரம் தாராது.

மணிமேகலையின் 29-ஆம் காதை இதை நன்கறியும். மலையிற் புகை கண்டால் நெருப்புண்டெனக் கருதலாம். அடுக்களையில் இரண்டையும் ஒருங்கே கண்ட பட்டறிவு துணைநிற்கும். ஆவியோ பனியோ என்னும் ஐயம் நீங்குமுன்பே நெருப்பெனத் துணிவதோ போலி. பனிக்கால விடியலில் பல்லாவரம் மலையைக் கண்டவர்க்கு இது விளங்கும்.

அப் பல்லாவரத்திலேயே, 1863-இல், இராபர்ட்டு புரூசு பூட்டு பழங்கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். செதுக்கிய விளிம்பே சான்று; அது தானாய் உடைந்த கல்லன்று. அதிரம்பாக்கத்துக் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டுத் தொன்மையுடையன என 2011-இல் வெளியான ஆய்வு காலங்கணித்தது. இம்மண்ணில் மாந்தக்குல முன்னோர் வாழ்ந்தமை நிறுவப்பட்ட செய்தி.

ஆனால், அக்கல்லைத் தூக்கிக் காட்டி, ‘இதைச் செதுக்கியவன் பேசியது தமிழ்’ என முழங்கினால் அது துணிவு, தேற்றமன்று. கல் பேசாது. கீழடியில் எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன, அவை பேசுவன. பேசாததைப் பேசவைத்தால், பேசுவதையும் பகைவர் நம்பமறுப்பர். இழப்பு தமிழுக்கே!

வேர்ச்சொல்லாய்விலும் அப்படியே. ஆங்கில ‘மச்சு’ம் இசுப்பானிய ‘மூச்சோ’வும் ஒலியால் நெருங்கியவை, ‘மிகுதி’ என்னும் பொருளாலும் ஒத்தவை. ஆயினும் அவற்றின் வேர் வேறு. எனவே, ஒரு சொல்லைத் தமிழென்று நாட்டுவோர் அதன் ஒலிமாற்றம் பிற சொற்களிலும் அவ்வாறே நிகழ்ந்துள்ளதைக் காட்டுதல் வேண்டும். காட்ட இயலாவிடத்து, ‘இருக்கலாம்’ என்றெழுதுவதில் இழுக்கொன்றுமில்லை.