பழைய புல்லட்டில் மின் கோளாறு: பொருளை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் பார்க்கிங்கில் உறை போட்டு மூடிய பழைய வண்டிகள் சில நிற்கின்றன. பெரும்பாலும் புல்லட். அப்பா ஓட்டியது, மாமா கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். "நல்ல வண்டிதான் சார், கரண்ட்தான் தொந்தரவு" என்று சொல்லி ஓரங்கட்டிவிடுகிறோம். அந்தக் கரண்ட் தொந்தரவைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். புல்லட் வைத்திராதவர்களும் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். அது நம் எல்லோருடைய வீட்டையும் பொறுத்தது.

இந்த வண்டி நமக்கு அந்நியம் இல்லை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் 350 சிசி புல்லட் உருவானது. மின்சாமான் பக்கம் பார்த்தால் மதுரைக்கே பங்கு உண்டு. 1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம்தான், 1961-ல் இங்கிலாந்தின் லூகாஸோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் லூகாஸ் டி.வி.எஸ்-ஸை ஏற்படுத்தியது. பழைய பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் ஜோசப் லூகாஸை "இருளின் இளவரசன்" என்று கேலி செய்வார்கள். ஆனால் இருட்டுக்குக் காரணம் பல சமயம் சாமான் இல்லை. அதற்குப் போகும் இணைப்புதான்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: கரண்ட் ஒரு வட்டம். பேட்டரியில் புறப்பட்டு, ஃபியூஸ், சாவி, காயில், பாயிண்ட் வழியாகப் போய், எஞ்சின், ஃபிரேம் வழியாக மறுபடி பேட்டரிக்கே திரும்ப வேண்டும். அந்த வட்டம் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாமல் காயிலையும் கண்டென்சரையும் மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் போகும். முதலில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் போங்கள்.

முதலில் பேட்டரி. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 12.6 காட்டும், 6 வோல்ட் என்றால் 6.3. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து, காய்ந்தபின் வாசலின் தடவுங்கள். கழற்றுமுன் எந்த முனை ஃபிரேமோடு சேர்ந்திருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பிரிட்டிஷ் வழிவந்த பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். மாற்றிக் கொடுத்தால் ரெக்டிஃபயர் போய்விடும்.

இரண்டாவது, ஹெட்லைட்டுக்கு மேல் இருக்கும் ஆம்ஸ் மீட்டர். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்துங்கள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் கொஞ்சம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். அப்படி ஆடினால் காயில் வரை கரண்ட் போய்வருகிறது என்று பொருள். ஆடவே இல்லை என்றால் பேட்டரி, ஃபியூஸ், சாவி, அழுக்கடைந்த பாயிண்ட் இவற்றில் ஒன்று. மைனஸிலேயே நின்றுவிட்டால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் ஷார்ட். முள் ஒரேயடியாக ஓரத்தில் போய் முட்டினால் எங்கோ ஒயர் ஷார்ட். உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். பாயிண்ட் இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான தாளால் துடைத்தாலே பாதி வண்டிகள் உயிர் பெறும்.

மூன்றாவது எர்த். முள் மைனஸில் நிற்கும்படி கிக்கரை நிறுத்துங்கள். நெகட்டிவ் எர்த் வண்டி என்றால் மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பை எஞ்சின் உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பார்த்தவுடன் சாவியை அணைத்துவிடுங்கள், காயில் சூடாகும். புதுப் பெயிண்ட் அடித்து வந்த வண்டியில் இது அடிக்கடி நடக்கும்: ஒயர் பெயிண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தைச் சுரண்டி உலோகம் தெரியவைத்துப் பூட்டுங்கள். ஹாரனும் விளக்கும் மங்கினால், ஹேண்டில்பாரிலிருந்து ஃபிரேமுக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் போட்டுவிடுங்கள்.

6 வோல்ட் வண்டிக்காரர்களுக்கு ஒரு கணக்கு. 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் எடுக்கும். 6 வோல்ட்டில் 6 ஆம்பியர். களிம்பு பிடித்த இணைப்பில் 0.2 ஓம் தடை இருந்தால், 12 வோல்ட்டில் 0.6 வோல்ட் போகும். இருபதில் ஒரு பங்கு. 6 வோல்ட்டில் 1.2 வோல்ட் போகும். ஐந்தில் ஒரு பங்கு. அதே களிம்புதான், நஷ்டம் நான்கு மடங்கு. அதனால்தான் அந்த வண்டிகளின் விளக்கு அகல்விளக்குபோல் எரிகிறது.

நான்காவது, சூட்டில் நிற்கும் வண்டி. சித்திரை வெயிலில் மேலூர் வரை நன்றாகப் போகும், பிறகு நின்றுவிடும். அரைமணி புளியமரத்தடியில் நின்றால் கிளம்பும். நின்றவுடன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்தவுடன் கிளம்பினால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. கரண்டைக் குறை சொல்ல வேண்டாம். அப்படி இல்லாமல் ஆறினால் மட்டும் பொறி வந்தால் காயில் அல்லது கண்டென்சரைச் சந்தேகியுங்கள். பாயிண்ட் முனையில் பெரிய பொறி தெறித்து முனை கருகியிருந்தால் கண்டென்சர்தான். கடைசியாக சார்ஜிங்: எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கி வைத்தால் 12 வோல்ட் பேட்டரியில் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்கள்.

இப்போது எல்லோருக்குமான விஷயம். ஃபியூஸ் போனால் சிலர் சிகரெட் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றிவிடுகிறார்கள். ஃபியூஸ் எரியாவிட்டால் ஒயர் எரியும். அந்த ஒயர் பெட்ரோல் டேங்குக்கு அடியில்தான் ஓடுகிறது. எலி கடித்த ஒயர் ஒன்று போதும். நம் பார்க்கிங்கில் வண்டிகள் கைப்பிடி இடைவெளியில் நிற்கின்றன. மேலே வீடுகள், புகை போக ஒரே மாடிப்படி.

ஆகவே மூன்று வேண்டுகோள். அடிக்கடி எடுக்காத வண்டியின் பேட்டரி இணைப்பைக் கழற்றி வையுங்கள்; குறித்த அளவு ஃபியூஸை மட்டும் போடுங்கள். பிளக்கைக் கழற்றிப் பொறி பார்ப்பதாக இருந்தால் கூரைக்கு வெளியே தள்ளிக்கொண்டுபோய், பிளக் துளையிலிருந்து விலக்கிப் பிடித்துப் பாருங்கள். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் செய்யுங்கள்; ஹைட்ரஜன் வாயு வெளிவரும், மாடிப்படியடி அதற்கு இடமில்லை.

சங்கச் செயலாளரிடம் ஒரு யோசனை: அலுவலகத்தில் ஒரு மல்டிமீட்டரும், பார்க்கிங்கில் கூடுதலாக ஒரு பவுடர் தீயணைப்பானும் வாங்கி வைக்கலாம். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு ஞாயிறு காலை பழைய வண்டிகளையெல்லாம் வெளியே தள்ளிவந்து, எல்லோரும் சேர்ந்து ஒயரைப் பார்த்துவிடுவோம். புல்லட் இல்லாதவர்களும் வரலாம். மீட்டர் பிடிக்க ஒரு கை எப்போதும் தேவைப்படும்.