சட்டத் தொழிலும் பயிலுங் காலமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், திருவல்லிக்கேணியில் செய்த பிரசங்கம்)



லண்டன் மாநகரில், பல தேசங்களிலும் கிளைகளையுடைய ஒரு சட்ட ஸ்தாபனத்தில் நான் தொழில் பயின்ற இரண்டாண்டுகளைப் பற்றிப் பேச வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். ஊர் திரும்பியது முதல், பெரிய தெருவில் என்னைக் காணும் பெரியோர்கள் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். சம்பளம் எவ்வளவு? எந்தப் பரீட்சை எழுத வேண்டும்? நம் வீட்டுப் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அங்கே இடங் கிடைக்குமா? மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆயினும் நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதை இதுவரை எவரும் என்னைக் கேட்கவில்லை. உனக்குத் தொழிலைக் கற்பித்தவர் யார், அதன் பொருட்டு அவர் எதைச் செலவிட்டார் என்பதே அக்கேள்வி. அதற்கு விடை சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

சொலிசிட்டர் என்பவர் யாவரென்று முதலில் கூறிவிடுகிறேன். இங்கிலாந்தில் சட்டத் தொழில் இரு பிரிவாக நடைபெறுகின்றது. உயர் நீதிமன்றங்களில் எழுந்து வாதிப்பது பெரும்பாலும் பாரிஸ்டரின் வேலை. கட்சிக்காரரை நேரிற் கண்டு அவர் காரியத்தைக் கேட்டறிந்து, பத்திரங்களை எழுதி, யோசனை கூறி, வழக்கைச் சித்தஞ் செய்வது சொலிசிட்டரின் வேலை. நம் சென்னை ஹைகோர்ட்டிலும் முன்னாளில் அட்டர்னிகள் இருந்தனர்; எனினும் பம்பாய், கல்கத்தா நகரங்களிற்போல் இப்பிரிவு இங்கே அத்தனை கண்டிப்பாக இருந்ததில்லை. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் இந்தியா முழுமைக்கும் அட்வகேட் என்னும் ஒரே வகுப்பை ஏற்படுத்தியது. அட்டர்னி என்னும் தனி வகுப்பு 1977 ஜனவரி முதல் அடியோடு மறைந்தது. பம்பாயில் மாத்திரம் சொலிசிட்டர் பரீட்சை ஒரு கௌரவமாக இன்றும் நடந்து வருகின்றது.

இனி, பயிலுநரின் வாழ்க்கையைச் சொல்லுகிறேன். பயிற்சிக் காலம் இரண்டாண்டு. அது வழக்கமாக ஆறாறு மாதமாக நான்கு பகுதிகளாய்ப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பகுதியையும் ஆங்கிலத்தில் ‘சீட்’ என்பர். ஆறு மாதம் கம்பெனிகளை வாங்கி விற்கும் இலாகா, ஆறு மாதம் கடன் பத்திர இலாகா, ஆறு மாதம் வழக்கு இலாகா என்றிவ்வாறு மாறி மாறி உட்கார வேண்டும். அனுபவம் முதிர்ந்த ஒருவருடைய அறையிலேயே, அவருடைய மேஜைக்கு அருகில், பயிலுநருக்கும் ஒரு மேஜை போடப்படும். அவர் தொலைபேசியில் எப்படிப் பேசுகிறார், எதைப் பேசாமல் விடுகிறார் என்பதைக் கேட்டுக் கொண்டிருப்பதே பாதிப் படிப்பு.

வேலையோ, வெளியிலிருந்து நினைப்பதைப் போல் மகிமை பொருந்தியதன்று. நூற்றுக்கணக்கான பக்கங்களுள்ள ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, ஒரு ஷரத்தில் வந்த சொல் மற்றொரு ஷரத்திலும் அதே பொருளில் வந்திருக்கின்றதா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். விற்பனைக்கு வந்த கம்பெனியின் குத்தகைச் சீட்டுகளையும் கடன் பத்திரங்களையும் வாசித்து, அவற்றில் மறைந்து கிடக்கும் ஆபத்துகளைக் குறிப்பெடுக்க வேண்டும். வழக்குக்குரிய தஸ்தாவேஜுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பக்க எண் இட வேண்டும். கையொப்பமிட வேண்டிய பக்கங்களைப் பல ஊர்களிலிருந்தும் வரவழைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஓர் ஒப்பந்தம் முடியும் வாரத்தில் நள்ளிரவுக்கு முன் வீடு திரும்புவது அரிது. அந்நாட்களில் அம்மாவுடன் பேசும் நேரங்கூடக் கிட்டாமற் போனதுண்டு. கட்சிக்காரரின் காரியத்தை உடன் வசிப்போரிடமும் சொல்லலாகாது என்பதும் முதல் நாளே விதிக்கப்படும் கட்டளை.

இவை யாவற்றுக்கும் மேலாக, காலத்துக்குக் கணக்கு எழுத வேண்டும். ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பகுத்து, ஆறு நிமிஷத்துக்கு ஒரு பகுதியாக, எந்தக் கட்சிக்காரருக்காக எதைச் செய்தோமென்று எழுதிவைத்தல் அத்தகைய ஸ்தாபனங்களின் வழக்கம். கட்சிக்காரருக்கு அனுப்பும் பில் பெரும்பாலும் இக்கணக்கைக் கொண்டே தயாராகும். ஆகவே அங்கே ஆறு நிமிஷமும் பணமேயாகும். இதைத் தயவு செய்து நினைவில் வைத்திருங்கள்.

என் இரண்டாவது பகுதியில் ஒரு பிழை செய்தேன். கடன் பத்திரமொன்றின் அட்டவணையைத் திருத்தும்போது, புதிய பிரதியைப் பார்க்க வேண்டிய இடத்தில் பழைய பிரதியைப் பார்த்து, வட்டி செலுத்தும் தேதியொன்றைத் தவறாக எழுதிவிட்டேன். மறுநாட் காலை கையொப்பமாக வேண்டும். பிரதிகள் எதிர்த்தரப்பு வக்கீல்களுக்குப் போய்விட்டன. இரவு பதினொரு மணிக்கு அப்பிழை என் கண்ணிற் பட்டது. உடல் நடுங்கிற்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பேசாதிருந்துவிட்டால் எவரும் கவனியார் என்னும் எண்ணமும் ஒரு கணம் எழுந்தது. வேலை போய்விட்டால், படிப்புக்காகத் தந்தையார் வாங்கிய கடனை எவ்வாறு தீர்ப்பது என்னும் பயமே அவ்வெண்ணத்துக்குக் காரணம். பிறகு, நடப்பது நடக்கட்டுமென்று என் மேற்பார்வையாளரான அம்மையாரிடம் சென்று சொன்னேன்.

அவர் கோபித்துக் கொள்ளவில்லை. எதிர்த்தரப்பாருக்குத் தாமே தொலைபேசியிற் கூறி, திருத்திய பக்கத்தை அனுப்பச் செய்தார். காரியம் முடிந்தபின், மறுநாள் என்னை அழைத்து உட்காரவைத்து, பிழை எந்த இடத்தில் புகுந்தது, பிரதிகளுக்கு எவ்வாறு அடையாளமிட்டிருக்க வேண்டும், அனுப்புமுன் எதை எதை ஒத்துப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் முழுதாக ஒரு மணி நேரம் விளக்கினார். அன்று மாலை காலக் கணக்கு எழுதும்போது, அந்த ஒரு மணியை எந்தக் கட்சிக்காரர் பேரில் எழுதுவதென்று கேட்டேன். ஒருவர் பேரிலும் எழுத வேண்டாம், அது உனக்குச் சேர்ந்தது என்றார்.

அன்பர்களே! அந்தப் பத்துப் பகுதிகளே என் நான்காவது கேள்விக்கு விடை. ஆறு நிமிஷத்தையும் விலை கூறும் இடத்தில், ஒருவர் தம்முடைய ஒரு மணி நேரத்தை விலையின்றி எனக்குத் தந்தார். பரீட்சையில் தேறுவதற்குப் புத்தகம் போதும். பிழை செய்தவன் எப்படி நிமிர்ந்து நின்று அதை ஒப்புக்கொள்வது என்பதற்குப் புத்தகம் இல்லை. அதை அருகில் இருப்பவர் ஒருவரே கற்பிக்கக் கூடும்.

அந்த அம்மையார் எனக்கு உறவினர் அல்லர். என் தேசத்தாரும் அல்லர். அவ்விடத்துக்கு நான் போனது எழுத்து மூலமான விண்ணப்பத்தாலும் நேர்முகப் பரீட்சையாலுமே. ஆனால் அந்நாட்டிலும் எப்போதும் இவ்வாறு இருந்ததென்று எண்ணிவிடாதீர்கள். பழைய நாளில் சொலிசிட்டரிடம் தொழில் பயில விரும்பியவர் அவருக்குப் பெருந்தொகையைக் காணிக்கையாகச் செலுத்துவதே வழக்கமாக இருந்தது. பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கே அக்கதவு திறந்தது.

நம் நாட்டிலோ பெரும்பாலும் உறவே திறவுகோலாயிற்று. மாமன் வக்கீலாயிருந்தால் மருமகனுக்கு இடமுண்டு. ஆயினும் இதற்கு மாறான உதாரணங்களும் நம் மாகாண சரித்திரத்தில் இல்லாமலில்லை. 1832இல் தஞ்சை ஜில்லாவில் பிறந்த முத்துசாமி ஐயர், தந்தையை இழந்து, சிறு வயதிலேயே கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் உதவியாளராக அமர்ந்தார். அவருடைய கூர்மையைக் கண்டு படிக்கவைத்து, சென்னைக்கு அனுப்பிவைத்தவர் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் என்பவர். இருவரும் ஒரு ஜாதியாரல்லர், உறவினரும் அல்லர். அந்தச் சிறுவரே சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியானார். அந்நியமனத்தை வெள்ளையர் பத்திரிகைகள் இகழ்ந்து எழுதியபோது, அதற்கு மறுமொழி கூறவே 1878 செப்டம்பர் 20ஆம் தேதி ‘ஹிந்து’ பத்திரிகை தோன்றியது. அதை நிறுவிய அறுவரைத் திருவல்லிக்கேணி அறுவர் என்றே உலகம் அழைக்கின்றது. அவர்களில் நால்வர் சட்ட மாணவர்கள். நம் பேட்டைக்கும் சட்டம் பயிலுவோர்க்கும் உள்ள தொடர்பு அத்துணைப் பழமையானது.

இன்று இங்கே நிலைமை எவ்வாறிருக்கின்றது? வக்கீலாகப் பதிவு செய்து கொள்ளுமுன் ஓராண்டு பயில வேண்டுமென்று இந்திய பார் கவுன்ஸில் 1995இல் விதி செய்தது. அவ்வாறு விதிக்கக் கவுன்ஸிலுக்கு அதிகாரமில்லையென்று 1999இல் சுப்ரீம் கோர்ட்டு அவ்விதியை ரத்து செய்தது. பின்னர் அகில இந்தியப் பரீட்சை ஏற்பட்டது. அது செல்லுமென்று 2023இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரீட்சை இருக்கின்றது, பயிற்சியோ அவரவர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாய் நிற்கின்றது. இளம் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோயமுத்தூர் நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும், ஏனைய இடங்களில் 15,000 ரூபாயும் குறையாமல் கொடுக்கப்பட வேண்டுமென்று 2024 ஜூனில் நம் ஹைகோர்ட்டு கூறியது. அவ்வாண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்ஸிலும் நகரத்துக்கு 20,000, கிராமத்துக்கு 15,000 என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு வேறு, கையிற் பணம் சேர்வது வேறு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

அந்நிய ஸ்தாபனங்கள் இங்கேயே வந்துவிட்டால் குறை தீருமே என்று சிலர் நினைக்கிறார்கள். அவ்விஷயத்திலும் முக்கியமான வழக்கு நம் சென்னையிலேதான் எழுந்தது. ஏ. கே. பாலாஜி என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், அந்நிய ஸ்தாபனங்கள் இந்தியாவில் வக்கீல் தொழில் நடத்தலாகாது. தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பற்றி யோசனை கூறத் தற்காலிகமாக வந்து போகலாம் என்று 2012இல் ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. 2018இல் சுப்ரீம் கோர்ட்டு சில திருத்தங்களுடன் அதை உறுதி செய்தது. 2023இல் பார் கவுன்ஸில் விதிகளை வெளியிட்டு, 2025இல் அவற்றைத் திருத்தியது. அவற்றின்படியும், பதிவு செய்துகொண்டு அந்நியச் சட்டத்தையும் சர்வதேசச் சட்டத்தையும் பற்றி யோசனை கூறலாமேயன்றி, நம் நீதிமன்றங்களில் அவர்கள் வாதிக்க இயலாது.

பரீட்சையைப் பற்றிக் கேட்ட தாய் தந்தையருக்கும் விடை கூறிவிடுகிறேன். இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் புதிய முறை நடைமுறையில் இருக்கின்றது. ஒரு பட்டம், இரண்டு பாகமான தகுதிப் பரீட்சை, இரண்டாண்டுத் தொழில் அனுபவம், நன்னடத்தை ஆகிய நான்கும் வேண்டும். அவ்வனுபவத்தை நான்கு ஸ்தாபனங்கள் வரையிற் பெறலாம். அந்நாட்டு எல்லைக்கு வெளியிலும் பெறலாம். ஆனால் அந்நாட்டுச் சொலிசிட்டர் ஒருவர் அதை உறுதி செய்ய வேண்டும். பரீட்சைக் கட்டணம் பெருந்தொகை. ஆகையால், தொழிலில் மனம் பற்றியிருக்கின்றதா என்று இங்கே ஒரு வக்கீலிடம் ஓராண்டாவது பயின்று தெரிந்துகொண்ட பிறகே கடன் வாங்குங்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இங்கேதான் நம் சங்கத்தின் கடமை எழுகின்றது. நம் பேட்டையில் ஒரு பெண்ணை நான் அறிவேன். அவள் குடும்பத்தில் முதன்முதல் சட்டம் படித்தவள் அவளே. வக்கீல்களில் எவரையும் அறியாள். ஒரு சீனியரிடம் எட்டு மாதம் இருந்தாள். ஹைகோர்ட்டுக்குப் போய்வரும் பஸ் செலவுக்குக்கூட வீட்டிற் கேட்க நேர்ந்தது. வாய்தா வாங்குவதைத் தவிர வேறொன்றும் அவளுக்குக் கற்பிக்கப்படவில்லை. இப்போது கறுப்பு அங்கியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். அறிவில் அவள் எனக்குக் குறைந்தவளல்லள். எனக்குக் கிடைத்த அந்தப் பத்துப் பகுதிகள் அவளுக்குக் கிடைக்கவில்லை, வேற்றுமை அவ்வளவே.

ஆகவே இரண்டு விஷயங்களைச் சபையோர் முன் வைக்கின்றேன். முதலாவது: நம் சங்கத்தில் வக்கீல் தொழில் செய்யும் பெரியோர் ஒவ்வொருவரும், வீட்டில் வேறு வக்கீல் இல்லாத ஒருவரை ஆண்டுதோறும் பயிலுநராக ஏற்று, மாதந்தோறும் கௌரவமான தொகை கொடுத்து, வாரத்தில் ஒரு மணி நேரமாவது அருகிலிருத்திக் கற்பிக்க வேண்டும். முழுத் தொகையும் கொடுக்க இயலாத இளம் வக்கீல்களுக்கு, சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து ஒரு பகுதி உதவலாம். இரண்டாவது: அவ்விடத்துக்கு வருபவரை எந்த வீடு, எந்த உறவு, எந்த ஜாதி என்று கேளாதிருக்க வேண்டும். ஜாதிச் சங்கத்தின் மேடையில் நின்று இப்படிச் சொல்லலாமா என்று சிலர் நினைக்கக் கூடும். நம்மவருக்கு உதவவே சங்கம் ஏற்பட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம்மவரில் ஒருவனான எனக்குத் தொழில் கற்பித்தவர் நம்மவரல்லர். வாங்கும்போது ஜாதி பாராமல் வாங்கிக்கொண்டு, கொடுக்கும்போது மாத்திரம் ஜாதி பார்த்துக் கொடுப்பது நியாயமாகுமா என்று உங்கள் மனச்சாட்சியையே கேளுங்கள்.

நான் இப்போது தம்புச் செட்டித் தெருவில் ஒரு சிறு அறை எடுத்திருக்கின்றேன். அதில் இரண்டு மேஜைகள் போட்டிருக்கின்றேன். இரண்டாவது மேஜைக்கு வரும்படி அந்தப் பெண்ணுக்குச் சொல்லியனுப்பியிருக்கின்றேன். அவள் விடை இன்னும் வரவில்லை. அவள் வந்தாலும், வேறொருவர் வந்தாலும், அம்மேஜை காலியாக இராது.