செய்நிரலும் அதன் உரையும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையிற் கணிதம் கற்பித்த இளம் ஆசிரியர் ஒருவர், நேரசூசி தயாரிப்பதற்கெனக் கணினிச் செய்நிரல் ஒன்றை எழுதித் தந்தார். ஒரு வாரம் நாம் இருந்து செய்த வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றபோது, செய்நிரலின் விளக்கத்தை ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதி வைத்துவிட்டே சென்றார். அடுத்த ஆண்டு பாடவேளைகளின் எண்ணிக்கை மாறியது. கொப்பியைப் புரட்டினோம். கொப்பி ஒன்று சொல்லிற்று. செய்நிரல் வேறொன்று செய்தது. கொப்பியை எழுதிய பின்னர் அவர் செய்நிரலைப் பல முறை திருத்தியிருந்தார். கொப்பியைத் திருத்த மறந்துவிட்டார். அவ்வாண்டு நேரசூசியை மீண்டும் கையாலேயே எழுதினோம்.

இஃது எமக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று; மென்பொருள் ஆக்குவோர் நன்கறிந்த பழைய நோய். இதன் காரணம் யாது? விளக்கம் ஓரிடத்திலும், விளக்கப்படும் பொருள் வேறோரிடத்திலும் இருத்தலே. திருத்துபவர் ஒன்றைத் திருத்துவார். மற்றையதை நாளைக்குப் பார்ப்போம் என விடுவார். அந்த நாளை வருவதில்லை.

திருக்குறள் தோன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே பரிமேலழகர் அதற்கு உரை எழுதினார். மூலம் நிலைத்து நின்றமையால் உரையும் நிலைத்தது. செய்நிரலோ அடிக்கடி மாறும் நூல். மாறும் நூலுக்கு உரையும் உடன் மாறுதல் வேண்டும்.

இதற்கு வழி கண்டோருள் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கனூத். செய்நிரலைக் கணினிக்கு இடும் கட்டளையாக மட்டும் கருதாது, மனிதர் வாசிக்கும் இலக்கியமாகவும் எழுதுதல் வேண்டும் என 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் அவர் வற்புறுத்தினார். உரையும் நிரலும் ஒரே கோப்பில் இருக்கும். அதிலிருந்து ஒரு கருவி வாசிப்போர்க்குரிய நூலையும், மற்றொரு கருவி கணினிக்குரிய நிரலையும் பிரித்தெடுக்கும். டெக் என்னும் தமது அச்சுக்கோப்பு மென்பொருளை அவர் இவ்வாறே எழுதினார்.

இம்முறை சிறந்தது, ஆயின் எல்லோர்க்கும் எளிதன்று. பின்வந்தோர் அதன் சாரத்தை எடுத்துச் சுமையைக் குறைத்தனர். 1990களில் ஜாவா மொழியுடன் ஜாவாடொக் என்னும் கருவி வந்தது. 1997 இல் டிமிட்ரி வான் ஹீஷ் என்பவரின் டொக்சிஜென் வெளியாயிற்று. பைதன் மொழியின் கைந்நூல்களுக்கென கியோர்க் பிராண்டல் ஆக்கிய ஸ்பிங்ஸ் 2008 இல் வெளிவந்தது.

இவை வேலையை எளிதாக்கும் விதத்தை நோக்குவோம். ஜாவாவில் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, ஒரு சாய்கோடும் இரண்டு உடுக்குறிகளும் இட்டுத் தொடங்கிச் சிறு குறிப்பொன்றை எழுதுவர். அப்பகுதியின் பெயர், அது உள்ளே பெறுவது, திருப்பித் தருவது ஆகியவற்றைக் கருவி நிரலிலிருந்தே அறிந்துகொள்ளும். அவற்றையும் குறிப்பையும் இணைத்து, அட்டவணையுடன் கூடிய பக்கங்களாக அமைத்துவிடும். எழுதுபவர் சொல்ல வேண்டியது நோக்கத்தை மட்டுமே.

இரண்டாவது வசதி, இக்கருவியை இயக்குவதற்கும் மனிதரின் நினைவை நம்பியிராமை. நிரல் மாறும்போதெல்லாம் பக்கங்கள் தாமே புதிதாக ஆக்கப்படும்படி ஒழுங்கு செய்யலாம். 2010 இல் தொடங்கிய ரீட் த டொக்ஸ் என்னும் சேவை, திறந்த மூல மென்பொருள்களுக்கு இப்பணியை இலவசமாகச் செய்கின்றது.

மூன்றாவது வசதியே என்னை மிகவும் கவர்ந்தது. பைதன் மொழியில் குறிப்பினுள் எழுதிய உதாரணங்களைக் கணினியே செய்து பார்க்கும் வழியுண்டு. இதைக் கொடுத்தால் இது விடையாக வரும் என எழுதியிருப்பின், அவ்விடை உண்மையில் வருகின்றதா எனச் சோதித்து, வராவிடிற் பிழை எனக் காட்டும். எமது கொப்பிக்கு அத்தகைய பரிசோதகர் ஒருவர் இருந்திருப்பின், அது பொய்த்த அன்றே அறிந்திருப்போம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. குறிப்பே எழுதாத நிரலிலிருந்தும் இக்கருவிகள் பக்கங்களை ஆக்க முடியும். அவை வெறும் பெயர்ப்பட்டியல்களாகவே இருக்கும். மாணவர் பெயர் மட்டும் நிரம்பிய வரவு இடாப்பைப் பார்த்து எவரும் அம்மாணவரை அறிந்துகொள்வதில்லையன்றோ? ஒரு பகுதி எதனைச் செய்கின்றது என்பதை நிரலே காட்டும். அஃது ஏன் அவ்வாறு செய்கின்றது, வேறு வழி ஏன் கைவிடப்பட்டது என்பவற்றை எழுதியவரே சொல்லுதல் வேண்டும்.

எனவே, மென்பொருட் கல்வி பெறும் இளைஞர்க்கு யான் கூறுவது இதுவே: படியெடுத்தல், அடுக்குதல், அச்சிடுதல் ஆகிய வேலைகளைக் கருவியிடம் விடுங்கள். காரணத்தைக் கூறும் இரண்டு வரிகளை மட்டும், நிரலை எழுதும் அந்த வேளையிலேயே, அதன் அருகிலேயே எழுதுங்கள். இடமாற்றம் எல்லோர்க்கும் உண்டு. நாம் எழுந்து சென்ற கதிரையில் அடுத்து அமர்பவர், எம்மைத் தேடி அலையாது தம் வேலையைத் தொடங்குதல் வேண்டும்.