சோக்கைத் திறந்தால் நிற்கும் எஞ்சின்



பயிர் வாடுகிறது. மழைக்காலம் முழுதும் மூலையில் கிடந்த பெட்ரோல் பம்ப்செட்டை விவசாயி வெளியே எடுக்கிறார். கயிற்றை இழுத்ததும் எஞ்சின் கிளம்புகிறது. சோக்கைத் திறந்தால் திக்கித் திக்கி நின்றுவிடுகிறது. பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதானா?

வேண்டாம்! சோக் காற்றைக் குறைக்கிறது. அப்போது மட்டும் ஓடினால், பெட்ரோல் போதவில்லை என்று பொருள். தேங்கிய பெட்ரோல் காய்ந்து பிசினாகும். கார்புரேட்டரில் உள்ள ஜெட்டின் துளை மிகச் சிறியது, அடைத்துக்கொள்ளும். இன்றைய பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது; அது ஈரத்தை இழுக்கும்.

பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். பீடி பக்கத்திலேயே வரக்கூடாது. ஜெட்டைக் கழற்றிக் கழுவி, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகும். பிறகு எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும். புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள்.

அடுத்த முறை மூலையில் வைக்குமுன், பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். வெளியில் வைத்துத்தான்! மூடிய அறையில் அதன் புகை ஆளைக் கொன்றுவிடும்.